மனை வாங்கும்போது கட்டிய ‘டெவலப்மெண்ட் சார்ஜ்’ எங்கே போகிறது?

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்தபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலுக்கு மேற்கே, ஒரு பேரூராட்சி எல்லைக்குள், 4 ஏக்கர் மனைப்பிரிவில் 5 சென்ட் வாங்கியிருக்கிறீர்கள். விலைக்கு மேல் ‘டெவலப்மெண்ட் சார்ஜ்’ என்று தனியாக ஒரு தொகையும் கொடுத்தீர்கள். இரண்டு வருடம் ஆகியும் ரோடு ஜல்லியோடு நிற்கிறது. வடிகால் இல்லை. கம்பம் நட்டிருக்கிறார்கள், விளக்கு எரியவில்லை. ரோடும் சாக்கடையும் அரசாங்கத்தின் வேலைதானே, அதற்கு எதற்காக மனை போடுகிறவரிடம் கட்டணம் வாங்குகிறார்கள், அது கடைசியில் எங்கள் தலையில்தானே விழுகிறது, விழுந்த பிறகும் எங்கள் தெருவுக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்று கேட்கிறீர்கள்.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேலாக மனைப்பிரிவு வரைபடம் போட்டு, அப்ரூவலுக்குக் கோப்பு கொண்டுபோகிற வேலையில் இருக்கிறேன். கட்டணம் வாங்குவது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாங்கிய பணமும் நிலமும் அந்தந்த இடத்துக்கே திரும்ப வராவிட்டால் அந்த நியாயம் போய்விடுகிறது. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், புரமோட்டர், அதாவது மனை போட்டு விற்றவர், உங்களிடம் வாங்கிய ‘டெவலப்மெண்ட் சார்ஜ்’ வேறு, அரசாங்கம் அந்தப் பெயரில் வாங்குவது வேறு. ரசீதை எடுத்துப் பாருங்கள். புரமோட்டரின் பெயரில் இருந்தால் அது அவர் ரோடு போட, கல் நட, கம்பம் நட என்று சொல்லி வாங்கிய பணம். சட்டப்படியான மேம்பாட்டுக் கட்டணம் 1971-ம் வருடத்து தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் வருகிறது. ஒரு நிலத்தையோ கட்டடத்தையோ புதிய பயன்பாட்டுக்குக் கொண்டுவரும்போதோ, இருக்கிற பயன்பாட்டை மாற்றும்போதோ அதைக் கட்டவேண்டும். அதே சட்டத்தில் பிற்பாடு சேர்த்த இன்னொன்று, உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம். 2008-ல் விதிகள் வந்தன. அடுக்குமாடி, வணிக வளாகம் மாதிரியான பெரிய கட்டடங்களுக்குத் தரைப்பரப்பைக் கணக்கிட்டு வாங்குகிறார்கள். அது மாநில அளவில் உள்ள ஒரு நிதிக்குப் போய், அங்கிருந்து திட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கட்டடச் செலவில் 1 சதவீதம் என்று வாங்குவது கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு. அதற்கும் உங்கள் தெருவுக்கும் சம்பந்தம் இல்லை. பலர் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இந்தப் பணம் எல்லாவற்றையும்விடப் பெரியது நிலமாக வாங்குவது. மனைப்பிரிவில் உள்ள ரோடுகள் முழுவதையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும். அப்புறம் ஓஎஸ்ஆர், அதாவது பூங்காவுக்கும் விளையாட்டு இடத்துக்குமான திறந்தவெளி. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டர் வரை உள்ள இடத்துக்கு இது கிடையாது. 3,000-க்கு மேல் 10,000 வரை இருந்தால், ரோடு போக மீதியில் 10 சதவீதம் ஒதுக்கவேண்டும். ஒதுக்க முடியாத அமைப்பாக இருந்தால், முதல் 3,000 சதுர மீட்டரைக் கழித்துவிட்டு, வழிகாட்டு மதிப்பில் பணமாகக் கட்டலாம். 10,000-க்கு மேல் போனால் பணம் என்ற பேச்சே கிடையாது, நிலமாகத்தான் கொடுக்கவேண்டும். இந்த 10 சதவீதம் செல்லாது என்று சென்னையில் ஒரு குடியிருப்பு உரிமையாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரியில், இது செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது.

உங்கள் 4 ஏக்கரையே எடுத்துக்கொள்வோம். 400 சென்ட், அதாவது ஏறக்குறைய 16,000 சதுர மீட்டர். எனவே ஓஎஸ்ஆர் கட்டாயம். ரோட்டுக்கு 30 சதவீதம் போகிறது என்று வைத்தால் 120 சென்ட். மீதி 280. அதில் 10 சதவீதம் 28 சென்ட். வேறு சிறு ஒதுக்கீடுகளை விட்டுவிடுகிறேன். விற்பதற்கு மிஞ்சுவது 252 சென்ட். ஆக, நீங்கள் 5 சென்டுக்குப் பத்திரம் போட்டபோது, ஏறக்குறைய 8 சென்டுக்கான விலையைக் கொடுத்திருக்கிறீர்கள். மற்ற 3 சென்ட் ரோடாகவும் பூங்காவாகவும் பொதுவுக்குப் போய்விட்டது. ரசீதில் இருக்கும் டெவலப்மெண்ட் சார்ஜைவிட, கண்ணில் படாத இந்த 3 சென்ட்தான் உங்கள் பெரிய பங்களிப்பு. ஆகவே உங்கள் ஏரியாவில் அந்த 28 சென்ட் எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்பதை நீங்கள் தேடத்தான் வேண்டும்.

சரி, இதெல்லாம் ஏன்? அரசாங்கம் வரிப்பணத்தில் செய்யக்கூடாதா?

நம் ஊர் பழைய காலத்தில் வளர்ந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். விளையில், அதாவது மேட்டு நிலத் தோப்பில் வீடு, வயலில் நெல். வீட்டுக்கு ஒரு கிணறு, பின்னால் ஒரு குழி, போகவர ஓர் இடவழி. பெய்யும் மழை தென்னந்தோப்பிலேயே இறங்கிவிடும். மிஞ்சுவது வயலுக்கும் குளத்துக்கும் போகும். இதற்கு முனிசிபாலிட்டி பெரிதாக ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. இப்போது விளை எல்லாம் நிறைந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பிலேயே மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 1,100-க்கும் மேல். 82 சதவீதம் பேர் நகர்ப்பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களில் இருந்தார்கள். அதனால் மனை போடுவது ஏலாவுக்குள், அதாவது வயல்வெளிக்குள் இறங்கிவிட்டது. வயலில் நாலடி மண் அடித்து நிரப்பி, கல் நட்டு, வளைவு கட்டுகிறார்கள்.

4 ஏக்கர் வயலில் வரப்பளவுக்கு அரை அடி தண்ணீர் நின்றால் அது சுமார் 24 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 200 நடை. இதுவரை அதைத் தாங்கிய வயல் நிரப்பப்பட்டதும், அந்த 200 லாரித் தண்ணீருக்குப் புதிதாக ஒரு வழி வேண்டும். அந்தத் தேவையை உண்டாக்கியது ஊரில் பொதுவாக வரி கட்டுகிறவர்கள் இல்லை, அந்த மனைப்பிரிவு. அதன் செலவை அதுதான் ஏற்கவேண்டும். கட்டணத்தின் அடிப்படை இவ்வளவுதான்.

2021 நவம்பர் மழையில் இதை நேரில் பார்த்தேன். வேறொரு மனைப்பிரிவில் அளவு எடுக்கப் போயிருந்தேன். உள்ளே ரோடு காய்ந்து சுத்தமாக இருந்தது, புரமோட்டர் நல்ல உயரமாக அடித்திருந்தார். கடைசி ரோடு முடிகிற இடத்தில் இரண்டடிக் குழாய் ஒன்று தண்ணீரை முழு வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. அது போய்ச் சேர்ந்தது ஓரடிக் குழாய் போட்ட பழைய ஓடைப் பாலத்துக்கு. அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆறேழு பழைய வீடுகள். ஒரு வீட்டில் பீரோவுக்குக் கீழே மும்மூன்று செங்கல் வைத்துத் தூக்கியிருந்தார்கள். அரிசிப் பானை கட்டில் மேல் இருந்தது. அந்த வீட்டு அக்கா என் கையில் டேப்பைப் பார்த்துவிட்டு, “சார், நாப்பது வருசமா இந்தத் திண்ணைக்கு மேல தண்ணி ஏறுனது இல்ல. இப்ப மேக்க உள்ள தண்ணி எல்லாம் இங்கதான் வருது. நீங்க அளக்கறது எங்களுக்கா, அவங்களுக்கா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மனைப்பிரிவுக்கு உள்ளே ஒரு குறையும் இல்லை, எல்லாம் விதிப்படி. வெளியே அந்த ஓரடிக் குழாயை மாற்ற யாரும் பணம் கட்டவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை.

கட்டணத்தைப் பற்றிப் பேசும் பலர் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளே போடும் ரோடும் வடிகாலும் ஒரு பங்கு. வெளியே இருக்கிற சானல், ஓடைப் பாலம், குடிநீர்த் தொட்டி, சந்திப்பு எல்லாம் இன்னொரு பங்கு. நாகர்கோவிலுக்குத் திருவிதாங்கூர் காலத்தில் முக்கடல் அணை கட்டினார்கள். நகரம் பல மடங்கு வளர்ந்த பிறகு, புத்தன் அணையிலிருந்து தண்ணீர் கொண்டுவர, மத்திய அரசின் நகர வசதிகளுக்கான ‘அம்ருத்’ திட்டத்தில் பெரிய தொகை தேவைப்பட்டது. அந்த அளவு வேலையை மனைப்பிரிவுக் கட்டணத்தால் செய்ய முடியாது. மத்திய, மாநில மானியமும் கடனும் வேண்டும். ஆனால் அந்த ஓரடிக் குழாயை இரண்டடியாக மாற்றுவது, ஏலா வழியாகப் போகும் ஓடையைத் தூர்வாரிக் கரை கட்டுவது போன்ற நடுத்தர வேலைகள் இருக்கின்றன பாருங்கள், அவற்றுக்குத்தான் இந்தக் கட்டணம் சரியாகப் பொருந்தும்.

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே நிலம் சின்னச் சின்னத் துண்டு. 4 ஏக்கர் ஒரே கையில் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் 40 சென்ட், 60 சென்ட், 70 சென்ட். 3,000 சதுர மீட்டர் என்றால் 74 சென்ட். அதற்குள் இருந்தால் ஓஎஸ்ஆர் கிடையாது. ஒருவர் 70 சென்டில் போடுகிறார், பக்கத்து வயல்காரர் அடுத்த வருடம் 65 சென்டில், அதற்கடுத்தவர் 72 சென்டில். ஏழெட்டு வருடத்தில் 5 ஏக்கர் ஏலா முழுக்க வீடு. ஒரு சென்ட் பூங்கா கிடையாது. ஒவ்வொருவரும் தன் ரோட்டைத் தன் எல்லையில் முடித்திருப்பார், அடுத்தவர் ரோட்டோடு சேராது. நானே இப்படிப்பட்ட வரைபடங்களை வரைந்து கொடுத்திருக்கிறேன். தனித்தனியாக ஒவ்வொன்றும் சட்டப்படி சரி. மொத்தமாகப் பார்த்தால் ஊருக்கு நஷ்டம். பெரிய மனைப்பிரிவுகளை மனதில் வைத்து எழுதிய விதி, நம் ஊர்த் துண்டு நிலத்தில் பல் இல்லாமல் போய்விடுகிறது.

கட்டணமே வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு போட்ட மனைப்பிரிவுகளை வரன்முறை செய்யலாம் என்றார்கள். கட்டணத்தைக் கட்டியது யார்? 3 சென்டும் 4 சென்டும் வாங்கி வைத்திருந்த சாதாரண ஆட்கள். மனை போட்டு விற்றவர்களில் பலர் எப்போதோ போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன ரோட்டுக்கு அகலம் இல்லை, பூங்காவுக்கு இடமும் இல்லை. பிறகு பணம் கட்டி அனுமதி வாங்கலாம், ஆனால் அந்த இடத்தில் நிலத்தைப் பிறகு உண்டாக்க முடியாது. அதனால்தான் மனை விற்கும் முன்பே வாங்கிவிடவேண்டும் என்று சொல்கிறேன்.

கட்டணம் உங்கள் தலையில்தான் விழுகிறது என்பது பாதி சரி. கட்டணம் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால், புரமோட்டர் வயல்காரரிடம் பேரம் பேசும்போதே அதைக் கழித்துத்தான் விலை சொல்வார். அப்போது சுமையில் ஒரு பங்கு நிலத்தை விற்கிறவர் மேல் போகும். நிலம் வாங்கி முடித்த பிறகு திடீரென்று உயர்த்தினால், மனை வாங்குகிறவர்தான் சுமக்கவேண்டும். நம் ஊரில் நிலம் வைத்திருப்பவருக்கு அவசரம் குறைவு, வெளிநாட்டுச் சம்பளத்தில் வாங்க வருகிறவர்கள் அதிகம். அதனால் இங்கே பெரும்பங்கு உங்களைப் போன்றவர்கள் மேல்தான் விழுகிறது என்பதை மறுக்கமாட்டேன். அதனாலேயே, கொடுத்ததற்கான பலனைக் கேட்க உங்களுக்கு இன்னும் அதிக உரிமை இருக்கிறது.

வெளிநாட்டில் எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் இதை ‘இம்பாக்ட் ஃபீ’ என்கிறார்கள். 1978-ல் கலிபோர்னியாவில் வாக்கெடுப்பு நடத்திச் சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். நகரங்களுக்கு வருமானம் குறைந்ததும், புதிதாகக் கட்டுகிறவர்களிடம் வாங்கும் கட்டணத்தின் மேல் பாரம் ஏறியது. அளவுக்கு மீறிப் போனபோது நீதிமன்றங்கள் தலையிட்டன. 1987-ல் ஒரு கடற்கரை வீட்டு வழக்கில், கேட்கிற பொருளுக்கும் கட்டடத்தால் வரும் பாதிப்புக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1994-ல் ஓரிகன் மாநிலத்தில் டைகார்ட் என்ற ஊரின் வழக்கில், தொடர்பு இருந்தால் மட்டும் போதாது, அளவும் பொருத்தமாக இருக்கவேண்டும் என்றது. அந்த வழக்கு நமக்கு ரொம்பப் பக்கம். ஓடைக்கரையில் இருந்த ஒரு கடையைப் பெரிதாக்க அனுமதி கேட்டபோது, வெள்ளம் ஓடும் நிலத்தையும் சைக்கிள் பாதைக்கு இடத்தையும் ஊர் நிர்வாகம் கேட்டது. 2024 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு. எல்டொராடோ என்ற மாவட்டத்தில் ஒரு சின்ன வீடு வைக்க, போக்குவரத்துக் கட்டணமாக 23,420 டாலர் கேட்டார்கள். சட்டசபையோ உள்ளாட்சி மன்றமோ பொதுவாகப் போட்ட கட்டணம் என்பதாலேயே அது இந்தச் சோதனையிலிருந்து தப்பிவிடாது என்றது நீதிமன்றம்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் பழையதுதான். 1954-ல் சிரூர் மடம் வழக்கில், வரி வேறு, கட்டணம் வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. வரிக்குப் பதிலாக இன்னது தருகிறேன் என்று சொல்லவேண்டியதில்லை. கட்டணம் என்றால் அதற்கு ஒரு சேவை பின்னால் நிற்கவேண்டும். பிற்காலத் தீர்ப்புகள் பைசாக் கணக்குப் பொருத்தம் வேண்டாம், பொதுவான தொடர்பு போதும் என்று தளர்த்தின.

எனக்குப் பிடித்தது வேறு இரண்டு ஏற்பாடுகள். கலிபோர்னியாச் சட்டத்தில், வாங்கிய கட்டணம் செலவாகாமல் கிடந்தால், 5 வருடத்துக்கு ஒருமுறை அது எதற்காக, எப்போது செலவாகும் என்று எழுத்தில் காட்டவேண்டும். காட்டாவிட்டால் திருப்பிக் கொடுக்கவேண்டும். இங்கிலாந்தில் 2010-லிருந்து உள்ள சமூக உள்கட்டமைப்புக் கட்டணத்தில் 15 சதவீதம், கட்டடம் வந்த அந்தச் சின்ன ஊர்ச்சபைக்கே போகிறது. அந்த ஊர் தனக்கென்று ஒரு திட்டம் தயாரித்து ஒப்புதல் வாங்கியிருந்தால் 25 சதவீதம். நம் பேரூராட்சிகளுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலேயே பேரூராட்சிகள் நெருக்கமாக உள்ள மாவட்டம் இது. ஏலாவை அலகாக வைத்து, எந்த ஓடைக்குத் தண்ணீர் போகிறதோ அந்த ஓடைக்கு ஒரு கணக்குத் திறந்து, 40 சென்ட் போடுகிறவரும் 4 ஏக்கர் போடுகிறவரும் சென்டுக்கு இவ்வளவு என்று அதில் கட்டட்டும். அந்தப் பணத்தில் ஓடைப் பாலமும் கரையும் முதலில், பிறகு ஏலாவுக்கு ஒரு விளையாட்டு இடம். துண்டு நிலச் சிக்கலுக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி உங்கள் காரியம். பேரூராட்சி அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தரவேண்டும். மனையின் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் எண்ணைக் குறிப்பிட்டு, ரோடுக்கும் ஓஎஸ்ஆருக்கும் எழுதிய தானப்பத்திரத்தின் நகல், அங்கீகரித்த வரைபடத்தின் நகல், இந்த மனைப்பிரிவுக்காகப் பேரூராட்சி வாங்கிய தொகைகள், அவை எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கின்றன, என்ன செலவானது என்று கேளுங்கள். ரோட்டையும் வடிகாலையும் புரமோட்டரே போட ஒத்துக்கொண்டாரா, மதிப்பீட்டுத் தொகையைப் பேரூராட்சியில் கட்டிவிட்டாரா என்பது அதில் தெரிந்துவிடும். புரமோட்டர் போடவேண்டும் என்றால் ரெராவுக்கு, அதாவது மனை, வீடு விற்பனையை முறைப்படுத்தும் ஆணையத்துக்குப் போங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவு அங்கே பதிவாகியிருக்கவேண்டும். வசதிகளில் குறை இருந்தால், மனையை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் சொன்னால் அவர் தன் செலவில் சரிசெய்யவேண்டும் என்று 2016 சட்டம் சொல்கிறது. விற்பனை நோட்டீஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் தார் ரோடு, வடிகால் என்று அச்சடித்திருந்தால் அதுவும் சாட்சி. தொகை பேரூராட்சியில் இருந்தால், உங்கள் வார்டின் பகுதி சபையில் நாலு வீட்டுக்காரர்களோடு போய்க் கேட்டு, தீர்மானத்தில் எழுதவையுங்கள்.

தானப்பத்திர நகல் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த 28 சென்டைப் போய்ப் பாருங்கள். சர்வேயரைக் கூட்டிக்கொண்டு நாலு மூலையையும் அளந்து கல் நடச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி, யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது என்பதையும் அன்றே நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். வரைபடம் கிடைத்தால் அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.